மண், விளக்கு, கல், படி: சென்னைத் தோமையார் தலங்களின் பக்தி வரலாறு

முன்னுரை: ஆய்வின் பொருள்

கோடம்பாக்கம் நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறினால் மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி தாண்டி வருவது பரங்கிமலை. பெயர்ப்பலகையின் ஆங்கில வரியில் இயேசுவின் சீடர் ஒருவருடைய பெயர் இருக்கிறது. தமிழ் வரியில் இருப்பது பறங்கியர் பெயர், அதாவது போர்ச்சுகீசியர் பெயர். ஒரே மலைக்கு ஊர் வைத்த பெயர் ஒன்று, வந்தவர்கள் வைத்த பெயர் இன்னொன்று. பக்கத்திலுள்ள சின்னமலையோடு சேர்த்துச் சொல்லும்போது பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் இதைப் பெரியமலை என்பார்கள். மயிலாப்பூர்க் கடற்கரையில் உள்ள சாந்தோம் மூன்றாவது இடம். புனித தோமையார் சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார், பெரியமலையில் குத்துண்டு இறந்தார், மயிலையில் அடக்கமானார் என்பது மரபு. மூன்று இடங்களும் சேர்ந்தே ஒரு திருத்தலம் ஆகின்றன.

தோமையார் கி.பி. 52-இல் மலபார்க் கரையில் இறங்கினாரா, 72-இல் இங்கே உயிர்நீத்தாரா என்ற கேள்விக்கே இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லாத முதல் நூற்றாண்டுக் கல்வெட்டு எதுவும் மயிலையில் இல்லை. வாய்மொழி மரபோ மிகப் பழையது, உறுதியானது. இரண்டு தரப்பும் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டன. அந்த வழக்கை நான் மறுபடி எடுக்கப்போவதில்லை. என் கேள்வி வேறு: இந்த இடங்களுக்கு வந்த மக்கள் எதைத் தொட்டார்கள், எதை எடுத்துப்போனார்கள், எதற்கு எண்ணெய் ஊற்றினார்கள்? எலும்பு யாரிடம் இருக்கிறது என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்த நூற்றாண்டுகளிலும் மண்ணும் விளக்கும் கல்லும் படியும் சாதாரண மக்களின் கைகளில்தான் இருந்தன. அந்தக் கைகள் எல்லாமே கிறிஸ்தவக் கைகளும் அல்ல. இந்தப் பக்தியின் வரலாற்றை அவற்றிலிருந்து எழுதுவதே பொருத்தம் என்பது என் துணிபு.

1. மண்

தோமையாரைப் பற்றிய மிகப் பழைய நூல் மூன்றாம் நூற்றாண்டில் எதெஸ்ஸா நகரை ஒட்டிச் சிரியாக் மொழியில் எழுந்தது. 'தோமாவின் பணிகள்' என்று அதைச் சொல்லலாம். மஸ்தாய் என்னும் அரசனின் வீரர்கள் நகருக்கு வெளியே ஒரு மலையில் அவரை ஈட்டியால் குத்துகிறார்கள். நூல் அந்த இடத்துக்கு மயிலை என்று பெயர் சொல்லவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. நமக்கு முக்கியமானது நூலின் கடைசிப் பகுதி. காலம் கடந்து அரசனின் மகனுக்குப் பேய் பிடிக்கிறது. புனிதரின் எலும்பை எடுத்து மகன்மேல் வைக்கலாம் என்று அரசன் கல்லறையைத் திறக்கிறான். எலும்பு இல்லை. அன்பர் ஒருவர் அதை மேற்கே கொண்டுபோய்விட்டார். அரசன் எலும்பு கிடந்த இடத்து மண்ணை அள்ளிக்கொண்டு போகிறான், மகன் பிழைக்கிறான்.

ஆயிரம் ஆண்டு கழித்து, 1292–93 அளவில் சோழமண்டலக் கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோ இந்த மண்ணையே மறுபடி பேசுகிறார். புனிதரின் உடல் இருக்கும் ஊர் சிறியது, மக்கள்தொகை குறைவு, வாங்க விற்க அதிகம் இல்லாததால் வணிகர்கள் எட்டிப்பார்ப்பதில்லை என்கிறார். ஆனால் யாத்திரிகர் வருகிறார்கள். புனிதர் கொல்லப்பட்ட இடத்தின் செம்மண்ணை எடுத்துச் சென்று, மூன்றாம் முறைக் காய்ச்சல், நான்காம் முறைக் காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுக்கிறார்கள், குணமாகிறது. நாள் இடைவிட்டுக் குளிர் அடிக்கும் அந்தக் காய்ச்சலை நாம் இன்று மலேரியா என்போம். தோமையார் இறந்த விதத்தையும் அவர் வேறாகக் கேட்டு எழுதியிருக்கிறார்: காட்டில் தம் குடிலுக்கு வெளியே மயில்கள் சூழச் செபித்துக்கொண்டிருந்தவர்மேல், மயில் வேட்டைக்கு வந்த ஒருவன் எய்த அம்பு தவறிப் பட்டதாம். ஈட்டி கொண்ட அரச வீரர்கள் இந்தக் கதையில் இல்லை. மயிலை என்ற ஊர்ப்பெயரே கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருக்கிறது. சிரியாக் நூலைப் படித்தவர்கள் சொன்ன கதை இது அல்ல. இந்த மண்ணில் இருந்தவர்கள் சொன்ன கதை.

சங்கரன்கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்கிற ஊர் நம் ஊர். அந்தப் பழக்கத்தை மயிலைக் கிறிஸ்தவர்கள் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்காது. எதெஸ்ஸாவில் எழுதிய கதையும் தமிழ்நாட்டு மக்களின் கை வழக்கமும் ஒரு பிடி மண்ணில் சந்தித்திருக்கின்றன. எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முயன்றவர்கள் இரண்டையும் இழந்தார்கள் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் மார்க்கோ போலோ சொல்கிறார். இஸ்லாமியரும் கிறிஸ்தவருக்கு நிகராக இங்கே யாத்திரை வருகிறார்கள். புனிதரைத் தம்மவர் என்றே கொள்கிறார்கள். 'அவரியான்' என்று அழைக்கிறார்கள். இயேசுவின் சீடரைக் குறிக்கும் 'ஹவாரி' என்ற அரபுச் சொல்லே அதன் மூலம் என்று பிற்கால அறிஞர்கள் கண்டார்கள்.

2. விளக்கு

ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு நாட்டில் தூர் நகர ஆயர் கிரெகோரி, இந்தியா போய்வந்த தியோடர் என்பவர் சொன்னதாக ஒன்றை எழுதிவைத்தார். தோமையார் உடல் முதலில் கிடந்த இடத்தில் ஒரு துறவு மடமும் பெரிய கோயிலும் இருந்தன. அங்கே ஒரு விளக்கு. யாரும் எண்ணெய் ஊற்றுவதில்லை, திரி மாற்றுவதில்லை, இரவும் பகலும் எரிகிறது, காற்றும் அதை அணைப்பதில்லை.

கிட்டத்தட்ட 900 ஆண்டுகளுக்குப் பிறகு, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசா மயிலையைப் பற்றி எழுதும்போதும் ஒரு விளக்கு வருகிறது. கோயில் பாழடைந்து கிடக்கிறது. ஏழை இஸ்லாமியர் ஒருவர் அதைக் காத்துவருகிறார். பிச்சை எடுத்த பணத்தில் இரவில் விளக்கு எரிகிறது.

எனக்கு இந்த இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடிந்ததில்லை. எண்ணெய் இல்லாமல் எரிந்த விளக்கைவிட, பிச்சை எடுத்து எண்ணெய் வாங்கி ஏற்றிய விளக்கே பெரிய அற்புதமாகத் தெரிகிறது. அந்த மனிதரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. இந்தத் திருத்தலத்தின் பாதுகாவலர் பட்டியல் என்று ஒன்று எழுதினால் ஆயர்களுக்கும் ஆளுநர்களுக்கும் முன்னால் அவரை வைக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் வந்துபோனவர்களும் உண்டு. சீனம் போகும் வழியில் 1291–92-இல் பதின்மூன்று மாதம் இந்தியாவில் தங்கிய பிரான்சிஸ்கன் துறவி மோந்தேகொர்வினோ யோவான், தம் தோழர் பிஸ்தோயா நிக்கோலாவைத் தோமையார் கோயிலில் அடக்கம் செய்துவிட்டுக் கிளம்பினார். எல்லோரும் வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். விளக்கை ஏற்றினவர் அங்கேயே இருந்தார்.

3. தோண்டிய காலம்

1517-இல் தியோகோ பெர்னாந்திஸ் முதலிய சில போர்ச்சுகீசியர் பழவேற்காட்டில் இறங்கினார்கள். அவர்களை மயிலைக்கு அழைத்துவந்து இடத்தைக் காட்டியவர்கள் அர்மீனிய வணிகர்கள். 1523-இல் கல்லறையைத் தோண்டினார்கள். எலும்புகள், ஒரு ஈட்டிமுனை, மண் நிறைந்த ஒரு மண்பாண்டம் ஆகியவை கிடைத்ததாகப் பிற்பாடு, 1533-இல், விசாரணை வைத்துச் சாட்சியம் பதிந்தார்கள். இங்கேயும் மண்தான்! எலும்பும் ஈட்டியும் பேசப்பட்ட அளவுக்கு அந்தப் பானை பேசப்படவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் தோமையாரின் திருப்பண்டங்கள் இத்தாலியில் ஒர்த்தோனா நகரத்திலும் இருந்தன. நான்காம் நூற்றாண்டில் எதெஸ்ஸாவில் இருந்தவை கீயோஸ் தீவுக்குப் போய், 1258-இல் ஒர்த்தோனா சேர்ந்தன. ஜூலை 3 என்று நாம் கொண்டாடும் தோமையார் திருநாளே, எலும்புகள் எதெஸ்ஸா போய்ச் சேர்ந்த நாளைச் சிரிய மரபு கொண்டாடியதிலிருந்து வந்தது. அதாவது இங்கே இல்லாமல் போனதன் நினைவுநாளை நாம் இங்கே கொடியேற்றிக் கொண்டாடுகிறோம். மக்களுக்கு இதில் ஒரு முரணும் தெரிந்ததில்லை. அவர்கள் பிடித்துக்கொண்டது எலும்பை அல்ல, இடத்தை.

1545-இல் பிரான்சிஸ் சவேரியார் மலாக்கா போகும்முன் மயிலையில் சுமார் நான்கு மாதம் தங்கிச் செபித்தார். 1606-இல் மயிலை மறைமாவட்டம் பிறந்தது. இன்று நாம் பார்க்கும் உயர்ந்த கூம்புக் கோபுரம் கொண்ட சாந்தோம் பேராலயம் 1896-இல் கட்டி முடிந்தது. 1956-இல் பசிலிக்கா ஆனது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்து செபித்தார். இவை எல்லாக் கையேட்டிலும் உள்ளவை.

கையேட்டில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது என்றும், இன்றைய கோயில் அதன்பின் உள்ளே தள்ளி எழுந்தது என்றும் மயிலை மரபு நினைவு வைத்திருக்கிறது. சாந்தோம் வளாகத்தில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்துள்ளன. பர்போசா கண்ட விளக்கை ஏற்றியவர் இஸ்லாமியர் என்பதைப் பெருமையாகச் சொல்கிற கத்தோலிக்க எழுத்தாளன், இந்த வலியையும் சொல்லாமல் நகரக்கூடாது.

4. கல்

பெரியமலையின் உச்சியில் ஆலயத்துக்காக 1547-இல் அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கல் அகப்பட்டது. கருங்கல்லில் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை. கைகளின் நுனி மொட்டுப்போல விரிந்திருக்கிறது. மேலே ஒரு புறா இறங்குகிறது. அடியில் படிப்படியான பீடம், இரு புறமும் சுருண்டெழும் இலைகள். இரண்டு பக்கமும் தூண்; தூண்களின் மேலிருந்து மகரங்கள் வாய் திறந்திருக்கின்றன; அந்த வாய்களிலிருந்து கிளம்புகிற வளைவு சிலுவைக்கு மேலே போய்ச் சேர்கிறது. நம் கோயில்களின் மகரதோரணத்தைக் கண்டு வளர்ந்த எவருக்கும் அந்த வளைவு அந்நியமாகப் படாது. அந்த வளைவின் விளிம்பைச் சுற்றி, அப்போது யாராலும் படிக்க முடியாத எழுத்துகள் இருந்தன.

கல் ஆலயத்தின் பீடத்துக்குப் பின்சுவரில் பதிக்கப்பட்டது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடந்துகொண்டிருக்கையில் அது நிறம் மாறி வியர்த்தது, இரத்தத்துளிகள் தெரிந்தன என்று பதிவாகியிருக்கிறது. அன்று மாதாவின் எதிர்பார்ப்புத் திருநாள். கிறிஸ்துமசுக்கு ஏழு நாள் முன்னால், நிறைமாதமாக இருக்கும் மரியாளை எண்ணி ஸ்பெயின் நாட்டுச் சங்கம் ஒன்று 656-இல் ஏற்படுத்திய விழா. ஆலயத்துக்கும் எதிர்பார்ப்பின் அன்னை என்றே பெயர். அதன்பின் பல ஆண்டுகளில் அதே நாளில் கல் வியர்த்ததாகக் குறித்திருக்கிறார்கள். கடைசிப் பதிவு 1704. மார்கழிக் கடற்காற்றின் ஈரம் என்று ஒருவர் விளக்கலாம். நான் அந்த விளக்கத்தை மறுக்க வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன்: அன்றைக்குக் கூட்டமாக நின்று பார்த்தவர்கள் துணியால் கல்லைத் துடைத்து, துடைத்த துணியை வீட்டுக்கு எடுத்துப்போகிற மனநிலையில் இருந்தவர்கள். மண்ணை முடிந்து எடுத்துப்போனவர்களின் வழிவந்தவர்கள்.

எழுத்துகளுக்கு வருவோம். 1561-இல் ஒரு பிராமணப் பண்டிதரை அழைத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு குறியும் பல சொற்களுக்குச் சமம் என்று சொல்லி, தோமையாரின் வரலாறு முழுவதையும் அவர் அதிலிருந்து வாசித்துக் காட்டினார். எல்லோரும் கேட்க ஏங்கிய வாசகம் அது. முன்னூறு ஆண்டுகள் அந்த வாசிப்பே நின்றது. 1873-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளில் தோய்ந்த ஆர்தர் பர்னெல், அது பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீகம் என்று காட்டினார். கோட்டயம் வலியபள்ளியில் உள்ள சிலுவைகளிலும் இதே வாசகம் இருக்கிறது. முட்டுச்சிறை, கடமற்றம் ஆலயங்களிலும் கோவாவிலும் இதே குடும்பத்துச் சிலுவைகள் உண்டு. எழுத்தமைதியைக் கொண்டு ஆறு முதல் ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். பாரசீகத் திருச்சபையோடு உறவுள்ள கிறிஸ்தவர்கள் போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த மலையில் தொழுதார்கள் என்பதற்கு இதைவிடத் திடமான சான்று வேண்டியதில்லை.

ஆனால் வாசகம்? அறிஞர்கள் ஆளுக்கொன்றாக வாசித்தார்கள். 1929 அளவில் விங்க்வொர்த் கொடுத்த வாசிப்பே பலரும் மேற்கோள் காட்டுவது. அதன்படி, இதைச் செதுக்கிய சகர்புக்தின் மகன் அப்ராஸுக்குக் கிறிஸ்து இரங்கவேண்டும் என்பதே செய்தி. தோமையாரின் பெயர் அதில் இல்லை. மலையின் பெயர் இல்லை, அற்புதம் இல்லை, அரசன் இல்லை. இன்னார் மகன் இன்னான், அவனுக்கு இரக்கம். அவ்வளவே.

இந்த வாசிப்பு வந்தபோது ஏமாந்தவர்கள் உண்டு என்று நினைக்கிறேன். அப்போஸ்தலரின் வரலாறு எங்கே, ஒரு கல்தச்சனின் கெஞ்சல் எங்கே! எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. இந்தத் தலத்தில் எழுத்தாக எஞ்சியிருக்கும் மிகப் பழைய சொல், மேலிடத்துப் பிரகடனமாக இல்லாமல் ஒரு தனி மனிதனின் மன்றாட்டாக இருக்கிறது. இறைவனிடம் வந்து, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, இரங்கும் என்று கேட்டவனின் குரல். பக்தி வரலாறு எழுதுகிறவனுக்கு இதற்குமேல் ஒரு மூலச்சான்று கிடைக்க முடியாது.

5. படியும் பாலமும்

பெரியமலைக்கு இன்று வண்டி போகும் சாலை இருக்கிறது. ஆனாலும் நேர்ச்சை உள்ளவர்கள் படி வழியாகவே ஏறுகிறார்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட அந்தப் படிகளை 1726-இல் கட்டிக்கொடுத்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். அதே ஆண்டு சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலமும் கட்டினார். மயிலையிலிருந்தும் ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் மலைக்கு வரும் யாத்திரிகர் வெள்ளக்காலத்தில் ஆற்றைக் கடக்கத் திண்டாடினார்கள். பாலத்துக்குத் தம் கைப்பணம் 30,000 வராகன் செலவிட்டதாகச் சொல்வார்கள். பாலத்தின் பெயர் 'மர்மலாங்'. மாம்பலம் என்ற ஊர்ப்பெயர் ஐரோப்பிய வாயில் பட்டபாடு அது. இன்று அந்த இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம். பழைய பாலத்தின் நினைவாகப் பாரசீகம், லத்தீன், அர்மீனியம் என மூன்று மொழி எழுத்துள்ள உஸ்கானின் கல் சைதாப்பேட்டைப் பக்கம் இன்னும் நிற்கிறது. தினம் ஆயிரக்கணக்கான பேருந்துகள் அதைக் கடக்கின்றன.

1517-இல் இடத்தைக் காட்டியவர்களும் அர்மீனியர், 1726-இல் வழியைக் கட்டியவரும் அர்மீனியர். கிழக்கத்தியக் கிறிஸ்தவர்களான அவர்களுக்குத் தோமையார் சொந்தக்காரர் மாதிரி. பாலத்தையும் படியையும் பக்தியின் வரலாற்றில் சேர்ப்பார்களா என்று சிலர் கேட்கலாம். ஏறுவதே வழிபாடாகிற ஒரு தலத்தில் படியைச் சேர்க்காமல் எதைச் சேர்ப்பது? படி நெடுக இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினான்கு நிலைகள் வைத்திருக்கிறார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை அந்தப் படிகளிலேயே நடக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் கூட்டம் முழந்தாள் இடுகிறது. வயதானவர்கள் இரண்டு படிக்கு ஒரு தரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நிற்பார்கள். மேலே போனால் ஒரு பக்கம் விமான நிலைய ஓடுபாதை, மறுபக்கம் வீடுகளும் புகையும் தாண்டி மெல்லிய கோடாகக் கடல். 

6. ஊற்று

சின்னமலையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1551-இல் போர்ச்சுகீசியர் கட்டிய சிற்றாலயம், அதையொட்டிய குகை, பாறையில் கைத்தடமும் காலடித்தடமும் என்று காட்டப்படும் குழிவுகள், தோமையார் பாறையைத் தட்டி வரவழைத்தார் என்று நம்பப்படும் ஊற்று. 2016-இலிருந்து மெட்ரோ நிலையமும் உண்டு. குகைக்குள் குனிந்துதான் போக முடியும். உள்ளே பாறை குளிர்ந்து, வியர்த்த உள்ளங்கைகள் பட்டுப்பட்டு வழவழப்பாகியிருக்கிறது. பாஸ்காவுக்குப் பின்வரும் திருவிழாவில் ஊற்று நீரைப் பாட்டிலில் பிடித்துப்போக வரிசை நிற்கும். வரிசையில் பொட்டு வைத்தவர்களும் முக்காடு போட்டவர்களும் இருப்பார்கள். யாரும் யாரையும் நீ எந்த மதம் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. மார்க்கோ போலோவுக்கு இந்த வரிசை பழக்கமானதாகவே இருந்திருக்கும்.

7. இன்றைய நடை

எங்கள் கோடம்பாக்கத்தில் பாத்திமா அன்னை ஆலயம் இருக்கிறது. 1917-இல் போர்ச்சுகல் நாட்டில் மூன்று இடையர் பிள்ளைகளுக்கு மாதா தோன்றிய ஊரின் பெயர் அது. ஆகஸ்டு 29 கொடியேற்றம் வந்துவிட்டால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தை நோக்கிக் காவி உடுத்தி நடக்கிறவர்களால் தென்சென்னைத் தெருக்கள் நிறையும். செப்டம்பர் 8 வரை அது ஓயாது. அந்தப் பெருங்கூட்டத்தோடு ஒப்பிட்டால் பெரியமலைக்கு வருகிறவர்கள் குறைவு. தோமையாருக்குச் சென்னை மக்கள் மனத்தில் மாதாவுக்கு உள்ள நெருக்கம் வாய்க்கவில்லை என்பது உண்மை. மலைமேலேயே ஆலயம் மாதா பெயரில்தானே இருக்கிறது! ஆனால் நடப்பது, தொடுவது, எடுத்துப்போவது என்று தோமையார் தலங்களில் கற்ற மூன்றும்தான் பெசன்ட் நகரிலும் நடக்கின்றன.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்து, பெரியமலை ஆலயத்துக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மெழுகுவர்த்தித் தட்டில் ஒருவர் உருகிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காக்கிநிற வேலைச்சீருடையோடு வந்த ஒரு அம்மா, மன்றாட்டுச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"சார், பேனா இருக்குங்களா?"

கொடுத்தேன். சுவரில் சீட்டை வைத்து எழுத ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"பையனுக்காக எழுதறேன். அவன் பேரு மட்டும் போதுமா, அவங்கப்பா பேரும் எழுதணுமா?"

"ரெண்டையும் எழுதுங்கம்மா" என்றேன்.